பிள்ளைக்கு ஏற்ற நாற்காலியா, நாற்காலிக்கு ஏற்ற பிள்ளையா?

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஒரு சந்து. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டும். அந்தச் சந்தின் கடைசி வீட்டில், பத்துக்குப் பத்து அறையில், ஒரு சக்கர நாற்காலி நிற்கிறது.

புதிய நாற்காலி. பளபளப்பு இன்னும் மங்கவில்லை. ஆனால் அதில் யாரும் உட்காரவில்லை. துவைத்த துணிகள் மடித்து அடுக்கி இருக்கின்றன. அவற்றின் மேல் ஓர் அரிசிப் பை.

நாற்காலிக்கு உரிய சிறுவன் தரையில் தாயின் மடியில் சாய்ந்து கிடக்கிறான். வயது 7. பிறந்தபோது உடனே அழவில்லை. மூளைக்குப் பிராண வாயு போதாமல் போயிற்று. மூளை முடக்குவாதம் என்று டாக்டர்கள் பெயர் சொன்னார்கள். கழுத்து சரியாக நிற்காது. கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். பேச்சு வரவில்லை. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சிரிக்கிறான். தெருவில் ஐஸ் வண்டியின் மணி கேட்டால் வாசலைப் பார்க்கிறான்.

தந்தை கே.ஆர். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். தாய் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். தர்மபுரி மாவட்டத்தில் இருந்து பிழைக்க வந்தவர்கள்.

"கேம்ப்ல குடுத்தாங்க. போட்டோ எல்லாம் எடுத்தாங்க. வீட்டுக்கு வந்து உக்கார வச்சா, பையன் ஒரு பக்கமா சரிஞ்சு விழறான். நடுவுல தலகாணி வச்சுப் பார்த்தேன். முன்னால வழுக்கிட்டு வந்துடறான். அப்புறம் எடுக்கவே இல்லைங்க" என்கிறார் தாய்.

"ஓசியில வந்தது. அதுக்கு மேல என்ன கேக்க முடியும்?" என்கிறார் தந்தை.

கேட்க முடியும். கேட்கத்தான் வேண்டும். ஏன் என்பதைப் பார்ப்போம்.

18 அங்குலத்தில் 9 அங்குலப் பிள்ளை

அந்த நாற்காலி பெரியவர்களுக்கானது. உட்காரும் இடத்தின் அகலம் 18 அங்குலம். சிறுவனின் இடுப்பு அகலம் 9 அங்குலம். இரு பக்கமும் சேர்த்து மீதி 9 அங்குலம் வெறும் இடம்.

நல்ல உடம்பு உள்ளவன் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தால் தன்னைத் தானே சரி செய்துகொள்வான். இந்தச் சிறுவனால் அது முடியாது. இடுப்பு ஒரு பக்கம் சரியும். இடுப்பு சரிந்தால் முதுகெலும்பு வளையும். முதுகெலும்பு வளைந்தால் தலை தொங்கும். தினமும் பல மணி நேரம் இப்படியே உட்கார்ந்தால் வளைவு நிலைத்துவிடும். வளரும் எலும்பு அல்லவா? நாளடைவில் இடுப்பு மூட்டு நழுவவும் கூடும்.

உட்காரும் இடத்தின் நீளமும் கூடுதல். குழந்தையின் முதுகு நாற்காலியின் முதுகோடு சேரவே சேராது. சேர வைத்தால் முழங்கால் மடங்காமல் கால்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். கால் மிதியில் பாதம் எட்டாது. பாதத்துக்குப் பிடிப்பு இல்லாதபோது உடல் முன்னால் வழுக்கும். தாய் சொன்னது இதைத்தான். குற்றம் பிள்ளையிடம் இல்லை, அளவில் இருக்கிறது.

இன்னொரு ஆபத்து வெளியே தெரியாது. அது சாப்பாட்டில் இருக்கிறது. தலை பின்னால் சாய்ந்த நிலையிலோ, படுத்த நிலையிலோ ஊட்டினால் கஞ்சி உணவுக் குழாய்க்குப் போகாமல் மூச்சுக் குழாய்க்குப் போகலாம். இருமல், பிறகு சளி, பிறகு நிமோனியா. இந்தச் சிறுவன் இரண்டு முறை நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவன். "கண்ணு பட்டுடுச்சு" என்று பாட்டி மிளகாய் சுற்றிப் போட்டாள். நிமிர்ந்து உட்கார வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி ஊட்ட வேண்டும் என்று அதுவரை அந்த வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே ஒரு நாற்காலி என்பது உட்காரும் சாமான் மட்டும் அல்ல. அது முதுகெலும்பு. அது சோறு. சில வீடுகளில் அது உயிர்.

உலகம் முழுவதும் இதே கதை

2022-ம் ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, மூக்குக் கண்ணாடி, பேச உதவும் கருவி போன்றவற்றில் ஏதாவது ஒன்று தேவைப்படுவோர் உலகில் 250 கோடிப் பேருக்கு மேல் என்றது அந்த அறிக்கை. அவர்களில் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை.

கிடைத்தவர்கள் எல்லாருக்கும் சரியானதுதான் கிடைத்ததா? அது வேறு கேள்வி.

சக்கர நாற்காலி எப்படித் தரப்பட வேண்டும் என்று 2008-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டி நூல் போட்டது. அதில் 8 படிகள் உண்டு. ஆளைப் பதிவு செய்வது, நேரில் பரிசோதிப்பது, எது வேண்டும் என்று எழுதித் தருவது, பண ஏற்பாடு, நாற்காலியைத் தயார் செய்வது, உட்கார வைத்து அளவு பார்ப்பது, பழக்கித் தருவது, பிறகும் தொடர்ந்து கவனித்துப் பழுது பார்ப்பது. கூட்டம் கூட்டி, மாலை போட்டு, வண்டியைக் கையில் கொடுத்து அனுப்பினால், 8 படிகளில் பல விடுபட்டுப் போகின்றன.

செருப்பு வாங்கப் போனால்கூடக் காலை நீட்டி அளவு பார்க்கிறோம். பிள்ளையின் முதுகெலும்புக்கு அளவு பார்க்க வேண்டாமா?

மோட்டார் நாற்காலி ஆசை

சிறுவனின் தாய்மாமன் எலெக்ட்ரானிக் சிட்டியில் காவலாளி. அங்கே ஒருவர் மோட்டார் நாற்காலியில் போவதைப் பார்த்தார். விலை விசாரித்தார். எழுபதாயிரம் ரூபாய் என்று கடையில் சொன்னார்கள். "மாமா, சீட்டு எடுத்துடலாம். பையனுக்குத்தானே" என்றார் மைத்துனர்.

சீட்டுப் பணம் மகளின் படிப்புக்கு என்று போட்டது. அக்காள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். வீட்டில் நான்கு இரவு பேச்சு நடந்தது. தாய் ஒப்பவில்லை.

"ஏங்க, இருக்கற நாற்காலியிலயே உக்கார முடியல. மோட்டார் வச்சா மட்டும் உக்காந்துடுவானா?" என்று கேட்டார் அவர்.

படிக்காத அந்தத் தாய் கேட்டதுதான் சரியான கேள்வி.

பக்கத்து வீட்டு அக்காள் சொன்ன யோசனைப்படி, ஒரு திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, 15 கிலோ எடையுள்ள பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி நகரின் ஒரு மறுவாழ்வு மையத்துக்குப் போனார். அங்கே இருந்த பிசியோதெரபி பெண் கன்னடக்காரர். தமிழ் ஓரளவு பேசுவார். முதலில் நாற்காலியைப் பற்றி அவர் பேசவே இல்லை. கேள்விகள்தான் கேட்டார்.

"வீட்டு வாசல் எத்தனை அகலம் அம்மா?"

"தெரியாதுங்க மேடம்."

"வாசலில் படி உண்டா? கக்கூஸ் உள்ளேயா, வெளியேயா? சந்தில் சிமெண்டா, மண்ணா? பகலில் பிள்ளை யாரிடம் இருக்கிறான்? பள்ளிக்கூடம் எத்தனை தூரம்? பஸ்ஸா, ஆட்டோவா? வண்டியைத் தூக்க வேண்டி வந்தால் யார் தூக்குவது?"

ஒன்றுக்கும் உடனே பதில் இல்லை. மறு வாரம் வரும்போது நூல் பிடித்து அளந்துகொண்டு வந்தார்கள். வாசல் அகலம் 24 அங்குலம். பெரியவர் நாற்காலி சக்கரங்களோடு சேர்த்து ஏறக்குறைய 25 அங்குலம். அது எப்படி உள்ளே வந்தது? மடக்கித் தூக்கி வந்தார்கள். விரித்த பிறகு வெளியே போக வழியே இல்லை!

மோட்டார் நாற்காலிக்கும் பதில் கிடைத்தது. அதன் கைப்பிடியை நிதானமாகப் பிடித்து நகர்த்தச் சிறுவனின் கை இன்னும் பழகவில்லை. மின்கலத்தோடு சேர்ந்த எடையைச் சந்தின் படிகளில் இருவர் சேர்ந்தாலும் தூக்குவது கடினம். மழைக்காலத்தில் சந்தில் கணுக்கால் தண்ணீர். கெட்டுப்போனால் பக்கத்தில் பழுது பார்க்க ஆள் இல்லை. இந்த வீட்டுக்கு, இந்த வயதில், அது உதவாது. இன்னொரு பிள்ளைக்கு, இன்னொரு வீட்டில், அதுவே சிறகாக இருக்கலாம்.

சீட்டுப் பணம் தப்பியது.

அளவு எடுப்பது எப்படி?

அளவு எடுப்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. தையல்காரர் சட்டைக்கு எடுப்பது போலத்தான். ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ளலாம்.

இடுப்பின் அகலத்தைப் பிள்ளையை உட்கார வைத்து எடுக்க வேண்டும். நாற்காலியின் அகலம் அதற்குச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். "வளர்ற பிள்ளை, பெரிசா வாங்கிடலாம்" என்று பள்ளிக்கூடச் சட்டை வாங்குவது போல வாங்கக் கூடாது.

தொடையின் நீளத்தை முதுகில் இருந்து முழங்காலின் மடிப்பு வரை எடுக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு இருக்கையின் நுனிக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

காலின் நீளத்தை முழங்கால் மடிப்பில் இருந்து குதிகால் வரை எடுக்க வேண்டும். பாதம் முழுவதும் மிதியில் படிய வேண்டும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் நேராக மடங்கி நின்றால் பாதி வேலை முடிந்தது.

முதுகின் உயரம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். தலை நிற்காத பிள்ளைக்குத் தலைக்கும் பிடிப்பு வேண்டும். கால்கள் பின்னிக்கொள்ளும் பிள்ளைக்குத் தொடைகளின் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். இடுப்பில் ஒரு பட்டை வேண்டும். அதை வயிற்றின் மேல் கட்டக் கூடாது. இடுப்பெலும்பின் மீது, பின்னால் கீழ் நோக்கி இழுக்கும்படி கட்ட வேண்டும்.

உணர்ச்சி குறைந்த பிள்ளைக்கு மெத்தை மிக முக்கியம். ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் புண் வரும். அந்தப் புண் வலிக்காமலே ஆழமாகப் போகும். தினமும் இரவு முதுகையும் பிட்டத்தையும் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

ஸ்ரீராமபுரத்துச் சிறுவனுக்குக் கிடைத்தது சி.பி. சேர் எனப்படும் சிறிய நாற்காலி. மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கு என்றே செய்யப்படுவது. தலைக்குப் பிடிப்பு, தொடைத் தடுப்பு, இடுப்புப் பட்டை, முன்னால் ஒரு பலகை எல்லாம் உண்டு. வாசலில் நுழைகிறது. கணுக்காலுக்கு அச்செடுத்து ஒரு பிளாஸ்டிக் பிடிப்பும் செய்து தந்தார்கள். தினமும் சிறிது நேரம் நிற்கும் சட்டத்தில் நிறுத்தப் பழக்கினார்கள்.

"இதுல உக்கார வச்சா நடக்கவே மாட்டானோ?" என்று தந்தைக்கு ஒரு பயம் இருந்தது. பல தந்தையருக்கு இருக்கும் பயம்தான் இது. நாற்காலி என்றால் தோல்வி என்ற நினைப்பு.

கர்நாடகத்தின் மாலதி ஹொள்ளாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வயதில் காய்ச்சல் வந்து உடம்பு முடங்கியது. சிறு வயதில் பல ஆண்டுகள் சென்னையில் தங்கி அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே வெளிநாட்டுப் போட்டிகளில் பதக்கங்கள் வென்றார். அர்ஜுனா விருதும், 2001-ல் பத்மஸ்ரீ பட்டமும் பெற்றார். நாற்காலி அவரைக் கட்டிப் போடவில்லை.

வாய் பேசாத பிள்ளை எந்த மொழியில் பேசுவான்?

உட்கார்ந்தாயிற்று. அடுத்த கேள்வி பேச்சு.

பேச்சு வராத பிள்ளைக்குப் படப் பலகை கொடுப்பார்கள். தண்ணீர், சாப்பாடு, வலி, கக்கூஸ், வெளியே, போதும், அம்மா, அப்பா என்று படங்கள். பிள்ளை கையால் தொட்டோ, கண்ணால் பார்த்தோ காட்டுவான். வசதி உள்ளவர்களுக்குக் கருவியும் உண்டு. படத்தைத் தொட்டால் கருவி வாய்விட்டுச் சொல்லும்.

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன், சென்னையில் உள்ள வித்யாசாகர் நிறுவனத்தின் பிள்ளைகளோடு பழகி, 'ஆவாஸ்' என்ற பேச்சுக் கருவியை உருவாக்கினார். 2011-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்ப இதழ் வெளியிட்ட இளம் கண்டுபிடிப்பாளர்கள் 35 பேர் பட்டியலில் அவர் பெயர் வந்தது. ஆவாஸ் பின்னர் கைக் கணினியில் இயங்கும் செயலியாக வந்தது. பம்பாய் ஐ.ஐ.டி. உருவாக்கிய 'ஜெல்லோ' என்ற செயலியும் இருக்கிறது. அது இலவசம்.

ஆனால் பெங்களூர்த் தமிழ் வீட்டுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் இங்கேதான் வருகிறது. வீட்டில் தமிழ். தெருவில் கன்னடம். பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இங்கிலீஷும். பலகையில் எந்த மொழி?

"கன்னடத்துலயே போட்டுடுங்க மேடம். நாளைக்கு ஸ்கூலுக்குப் போகணும்ல" என்றார் தந்தை.

அந்தக் கன்னடக்காரப் பெண் சிரித்தார். "அண்ணா, ராத்திரி வயிற்று வலி வந்தால் யாரைக் கூப்பிடுவான்? உங்களைத்தானே? உங்களோடு பேசும் மொழிதான் முதலில் வரவேண்டும். ஸ்கூல் மொழி அடுத்தது. படம் ஒன்றே. கீழே எழுத்து இரண்டு எழுதிக்கொள்ளலாம்" என்றார்.

அப்படியே செய்தார்கள். பழைய காலண்டர் அட்டை ஒன்றில் அக்காள் படங்களை ஒட்டினாள். மேலே தமிழ், கீழே கன்னடம். செலவு, பசை வாங்கிய பத்து ரூபாய்.

பலகை பழகினால் வரவேண்டிய பேச்சும் நின்றுவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை. பலகை பேச்சைத் தடுப்பதில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு வரவும் துணை செய்கிறது என்றே அவை காட்டுகின்றன.

முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை எல்லாப் படத்தையும் அடித்தான். நான்காம் வாரம் ஒரு மாலை, தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்தது. சிறுவன் பலகையில் 'வெளியே' என்ற படத்தின் மேல் கையை வைத்தான். எடுக்கவில்லை. அம்மாவைப் பார்த்தான்.

ஏழு வருடத்தில் அவன் சொன்ன முதல் வார்த்தை அது.

பெங்களூரில் எங்கே போவது?

இந்த நகரில் போக இடம் இல்லாமல் இல்லை. தெரியாததுதான் குறை.

தமிழர்கள் நிறைந்த லிங்கராஜபுரத்திலேயே இருக்கிறது ஏ.பி.டி. எனப்படும் மாற்றுத் திறனாளிகள் சங்கம். 1959-ல் இதைத் தொடங்கியவர் என்.எஸ். ஹேமா. அவரே இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு போலியோ. இன்று அந்த நோய் நம் நாட்டில் இல்லை. 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஒரு குழந்தைக்கு வந்ததே கடைசி. 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. நோய் போனாலும் தேவை போகவில்லை. மூளை முடக்குவாதம், தண்டுவடக் குறைபாடு, தசை நலிவு என்று பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஜே.பி. நகரில் மொபிலிட்டி இந்தியா இருக்கிறது. 1994-ல் தொடங்கியது. செயற்கைக் கால், பிடிப்புகள், நாற்காலிகள் ஆகியவற்றில் வேலை செய்கிறது. இவற்றைச் செய்யும் தொழிலையும் கற்றுக் கொடுக்கிறது. மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கு இந்திரா நகரில் கர்நாடக ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி உண்டு.

காது கேளாத பிள்ளைகளுக்கு ஹென்னூர் சாலையில் டாக்டர் எஸ்.ஆர். சந்திரசேகர் பேச்சு, செவிப்புலன் நிறுவனம். மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம். காது விஷயத்தில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கேட்காத பிள்ளைக்குப் பேச்சு வராது. எவ்வளவு சீக்கிரம் கருவி மாட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. "அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருப்பது வீண்.

ரெயிலில் போக வேண்டியவர்களுக்கு ஒரு செய்தி. துணை இல்லாமல் போக முடியாத கை கால் ஊனமுற்றவருக்கும், உடன் போகும் துணைக்கும் இரண்டாம் வகுப்பு, படுக்கை வசதி வகுப்பு ஆகியவற்றில் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. அதற்குரிய டாக்டர் சான்று வேண்டும். பலர் இதைக் கேட்பதே இல்லை.

பணத்துக்கு வழி

1981-ல் இருந்து மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டம் நடக்கிறது. உதவிக் கருவிகளை இலவசமாகவோ, பாதி விலையிலோ தரும் திட்டம். பெற்றோரின் மாத வருமானம் ரூ.22,500 வரை என்றால் முழு இலவசம். ரூ.30,000 வரை என்றால் பாதி. இந்த வரம்பு அவ்வப்போது மாற்றப்படுவதால், மனுப் போடும் நாளில் கேட்டுக்கொள்வது நல்லது.

கருவிகளில் பெரும்பகுதி அலிம்கோ நிறுவனத்தில் இருந்து வருகின்றன. கான்பூரில் 1972-ல் அமைக்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் அது. பெங்களூரிலும் அதற்கு ஒரு துணைத் தொழிற்கூடம் உண்டு.

ஒரு முறை கருவி வாங்கினால் அதே கருவிக்கு மறுபடி உதவி கேட்க 3 ஆண்டுகள் ஆக வேண்டும். ஆனால் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 1 ஆண்டு போதும். பிள்ளை வளரும் என்பது அரசுக்கும் தெரியும். இந்த விதி தெரியாமல் சின்னதாகிப்போன நாற்காலியில் பிள்ளையைத் திணித்து வைத்திருப்பவர்கள் உண்டு.

2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள மாணவர்களுக்குப் புத்தகமும், தகுந்த உதவிக் கருவியும் 18 வயது வரை இலவசமாகத் தரவேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. இது தானம் அல்ல, உரிமை.

மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு நேஷனல் டிரஸ்ட் நடத்தும் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை.

எல்லாவற்றுக்கும் சாவி ஒன்றுதான். யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத் திறனாளி அடையாள அட்டை. நம்மவர்கள் செய்யும் பிழை இங்கேதான். "ஆதார் ஊர் விலாசத்துல இருக்கு. பொங்கலுக்குப் போறப்போ பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். பொங்கல் வந்து போகிறது. அட்டை வருவதில்லை.

இந்த அட்டை நாடு முழுவதும் செல்லும். எங்கே எடுத்தாலும் மத்திய அரசின் திட்டங்களுக்குப் பயன்படும். மாநில அரசு தரும் மாத உதவித் தொகைக்கு மட்டும் அந்த மாநிலத்தில் வசிப்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். ஆகவே எந்த ஊரில் நிலையாக இருக்கப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்து, அந்த விலாசத்தில் தாள்களைச் சரி செய்வது புத்திசாலித்தனம்.

வாங்கும் முன் ஏழு கேள்விகள்

இலவசமாக வந்தாலும் சரி, காசு கொடுத்து வாங்கினாலும் சரி, கருவியைக் கையில் வாங்கும் முன் இந்த ஏழு கேள்விகளைக் கேளுங்கள்.

1. இது என் பிள்ளைக்கு என்ன வேலையைச் செய்யும்? உட்காரவா, நகரவா, சாப்பிடவா, பேசவா? வேலை தெரியாமல் கருவி வாங்கக் கூடாது.

2. என் பிள்ளையை நேரில் அளந்து பார்த்தீர்களா?

3. என் வீட்டு வாசலில், சந்தில், பஸ்ஸில் இது நுழையுமா?

4. கொஞ்ச நாள் வைத்துப் பார்த்து முடிவு சொல்லலாமா? ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

5. கெட்டால் யார் பார்ப்பது? சக்கரம், டியூப், பேரிங் தெருவில் உள்ள சைக்கிள் கடையில் கிடைக்குமா? வெளிநாட்டுச் சாமான் பளபளப்பாக இருக்கும். ஒரு திருகாணி போனால் மூலையில் நிற்கும்.

6. எத்தனை மாதத்தில் அளவு மாறும்? பிறகு என்ன ஏற்பாடு?

7. பிள்ளைக்குப் பிடித்திருக்கிறதா? பேசாத பிள்ளைக்கும் முகம் இருக்கிறது. முகத்தைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. ஒன்று பழகிய பிறகு அடுத்தது. பத்து ரூபாய் அட்டை வேலை செய்தால் அதுவே நல்ல கருவி. எழுபதாயிரம் ரூபாய்ச் சாமான் மூலையில் நின்றால் அது வெறும் இரும்பு.

அரிசிப் பை இறங்கியது

இப்போது மாலை நேரங்களில் ஸ்ரீராமபுரத்துச் சிறுவன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான். இத்தனை நாள் அவன் பார்த்த உலகம் கூரை ஓடும் அம்மாவின் முகமும்தான். இப்போது சந்து தெரிகிறது. போகிறவர் வருகிறவர் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். உட்கார வைத்துத்தான் சோறு ஊட்டுகிறார்கள். சென்ற மழைக்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கழிந்தது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. அவன் நடப்பானா என்பதற்கு யாரும் உறுதி தரவில்லை. இடுப்பு மூட்டை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாற்காலியும் அடுத்த ஆண்டு சின்னதாகிவிடும். மறுபடி அளக்க வேண்டும், மறுபடி மனுப் போட வேண்டும். தாய்க்கு அது தெரியும். அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லாத் தாள்களையும் வரிசையாக வைத்திருக்கிறார்.

அந்தப் பெரிய நாற்காலி என்ன ஆயிற்று?

இரண்டு சந்து தள்ளி, மூடப்பட்டுப்போன மில்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். பக்கவாதத்தில் விழுந்து ஒரு வருடமாகக் கட்டிலோடு கிடந்தார். நல்ல ஆகிருதி. அவர் வீட்டு வாசல் அகலமானது. அரிசிப் பையையும் துணிகளையும் இறக்கி வைத்துவிட்டு, தந்தையும் மைத்துனரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிசியோதெரபி பார்ப்பவர் ஒருவர் வந்து பெரியவரை உட்கார வைத்துப் பார்த்தார். முதுகு சேர்ந்தது. பாதம் மிதியில் படிந்தது. இரண்டு விரல் இடைவெளியும் இருந்தது.

நாற்காலி நல்ல நாற்காலிதான். ஆள்தான் மாறிப்போயிருந்தது.